ஒரு பக்கச் சரிவு

சோபாக்காரருக்குப் பகலில் பாதி நேரம் வாயில் ஆணி இருக்கும். பொடி ஆணிகளில் ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தம் வைத்த சுத்தியலால் அதைத் தொட்டெடுத்து அடிப்பார். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், ஒரு கை அடிக்க வேண்டும், ஆணியை எடுத்துக் கொடுக்க மூன்றாவதாக ஒரு கைக்கு அவர் எங்கே போவார்? அதனால் அந்த வீட்டில் பேச்சு இலாகா முழுக்க அவர் மனைவியிடம் இருந்தது. அவர் "ம்" என்பார். மிகவும் நெருக்கினால் இரண்டு முறை "ம்" என்பார்.

நாலு அறை கொண்ட வீடு. நாலிலும் ஊரார் சோபாக்கள். கூடத்தில் நாற்காலிகள் தலைகீழாகக் கிடக்கும், படுக்கையறையில் ஸ்பிரிங் சுருள்கள் கட்டிலுக்கடியில் இருந்து எட்டிப் பார்க்கும். இருபது வருஷமாக அவர்கள் சொந்தமாக ஒரு சோபா வாங்கியதில்லை, ஆனால் சோபாவில் உட்காராத நாளும் இல்லை. யாராவது வந்தால், "அதுல வேண்டாம், அது நாளைக்குப் போகுது. இதுல உட்காருங்க, இது வெள்ளிக்கிழமைதான் போகுது" என்று சொல்லி உட்கார வைப்பார்கள். அடுக்களைக்கும் பின்கதவுக்கும் நடுவில் இருந்த நடையில், ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே, மனைவியின் தையல் மெஷின். அங்கே ஒரு ஜன்னலும் உண்டு. உண்டு என்பது வீட்டு வரைபடத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதை மறைத்துப் பதினாலு வருஷமாகச் சோபாச் சட்டங்கள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

ஆகவே கொல்லையில் ஒரு ஷெட்டு போடுவது என்று முடிவானது. சுவர் எழுப்பாமல் தூண்களை மண்ணில் நட்டு, குறுக்கே சட்டம் அடித்து, மேலேயும் பக்கத்திலும் தகடு போர்த்துகிற ஷெட்டு. அதைச் செய்பவரை எல்லோரும் தூண்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவருக்குச் செங்கல் என்றாலே ஆகாது. "செங்கல்லு ஊரெல்லாம் இருக்குங்க, தூணு நிக்குதான்னு பாருங்க" என்பார். முதல் நாள் வந்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அட்டையில் செய்த நாலு குட்டிக் கூரைகளை எடுத்து வரிசையாக வைத்தார். இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் கூம்பாக நிற்பது ஒன்று. ஒரே பக்கம் சரிவது ஒன்று. நாலு பக்கமும் சரிவது ஒன்று. நடுவில் திமில் மாதிரி உயர்ந்து காற்றுப் போக வழி விட்டது இன்னொன்று. கீழே வைக்க ஒரே ஒரு அட்டைப் பெட்டி. "எது வேணுமோ தூக்கி மேல வெச்சுப் பாருங்க" என்றார்.

சோபாக்காரர் யோசிக்கவே இல்லை. கூம்பை எடுத்து வைத்துவிட்டார். கல்யாணமான புதிதிலிருந்தே அவருக்கு அந்த ஆசை. முன்பக்கம் முக்கோணமாக நெற்றி எழும்பி, அதில் பெயர் எழுதி, தெருவில் போகிறவன் நின்று பார்க்கிற மாதிரி ஒரு பட்டறை. பக்கத்தில் இருந்த மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சைன்போர்டு எழுதுகிறவர், கைதட்டிவிட்டார். "இதான் மாப்பிள்ளை கட்டிடம். மத்ததெல்லாம் மூடி."

மனைவி ஒரு பக்கச் சரிவை எடுத்தாள். பெட்டியின் மேல் வைத்து, கண்ணை அதன் பக்கவாட்டில் கொண்டுபோய் உள்ளே பார்த்தாள்.

"இதுல உள்ள வெளிச்சம் நல்லா வரும் இல்ல?"

"வரும்மா. ஒரு பக்கம் உசந்து நிக்குதே, அந்தப் பக்கம் பூராவும் ஜன்னலா வெச்சுக்கலாம்" என்றார் தூண்காரர்.

"பார்க்கச் சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி இருக்கும்" என்றார் மச்சான்.

அவள் கணவரைப் பார்த்தாள். அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்த அவர் வாயில் ஆணி. சாய்வு நாற்காலி ஒன்று பாதியில் நின்றது, துணியை விட்டால் தளர்ந்துவிடும். "ம்" என்று மட்டும் சொன்னார். அது எதற்கு என்று அவருக்கே தெரியாது. அவள் அட்டைக் கூரையைப் பழையபடி டப்பாவில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அடுத்த வாரமே மச்சான் தன் அன்பைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பன்னிரண்டு அடி அகலம், நாலு அடி உயரம், முக்கோணமாக அறுத்த பிளைவுட் பலகை. தங்கக் கால் வைத்த சிவப்பு சோபா, மேலே வளைந்து வளைந்து எழுத்து. தூண்கூட இன்னும் வந்து சேரவில்லை, நெற்றிப் பொட்டு வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழையாததால் கொல்லையிலேயே தார்ப்பாய் போர்த்திச் சாத்தி வைத்தார்கள். சோபாக்காரர் தினமும் காலையில் தார்ப்பாயைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்.

பிறகு தூண்கள் வந்தன. பன்னிரண்டு. குழி தோண்டி, நிறுத்தி, அடியில் கான்கிரீட் கொட்டி ஆயிற்று. தலைகள் ஒன்று கூட ஒன்று குறைய நின்றன. அது அப்படித்தான். நட்டு இறுகிய பிறகு நூல் பிடித்து, எல்லாத் தலைகளையும் ஒரே மட்டத்தில் அறுப்பார்கள். வியாழக்கிழமை காலையில் அறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் தூண்காரர்.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "ஷெட்டு முடிஞ்சதும் தையலுக்கு ஒரு ஆள் வெச்சுக்கலாங்க. அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

வாயில் அப்போது ஆணி இல்லை, சோறுதான். அதை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"ஏன்?"

"போதும்னு இருக்கு. நான் ஸ்பிரிங் கட்டறேன், பஞ்சு அடைக்கிறேன். அதுக்கும் ஆள் வேணும்தானே."

சோபாக்காரருக்குச் சுருக்கென்றது. அவர் செய்கிற சோபாவுக்கு ஊரில் பெயர் இருந்தது என்றால், அதில் முக்கால் பங்கு அவள் தையலுக்கு. மெத்தையின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கிற பைப்பிங், மூலையில் வளைகிற இடத்தில் சுருக்கமே விழாமல் திருப்புவாள். தைத்து முடித்ததும் கட்டைவிரலால் ஓரம் முழுக்க ஒருமுறை தடவிப் பார்ப்பாள். அந்தத் தடவலில் ஒரு பெருமை இருக்கும். அந்த வேலையைப் போதும் என்கிறாள். தன்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, என்ன தப்பு செய்தோம் என்று இரவெல்லாம் பட்டியல் போட்டார். பட்டியல் நீளமாகத்தான் வந்தது, ஆனால் எதுவும் புதிது இல்லை.

புதன்கிழமை, பல் டாக்டரம்மா வீட்டு நாற்காலிக்குக் கால் மாற்றப் போனார். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவர் கிளினிக்குக்குக் கருநீலத்தில் ஒரு சோபா செய்து கொடுத்திருந்தார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது டாக்டரம்மா தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார்.

"குறையா நினைச்சுக்காதீங்க. தினமும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளியைத் தேடித் தேடிப் பார்க்கற வேலை எனக்கு. அதான் கண்ணுல பட்டுடுச்சு."

வீட்டு முன்னறையில் இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப் போய், விளக்கைச் சோபாவின் மேல் திருப்பிப் பிடித்தார். இரண்டு உட்காரும் மெத்தைகளில் ஒன்று கருநீல நூலில் தைத்திருந்தது. மற்றது கறுப்பு நூலில். தையலில் ஒரு பிசகு இல்லை, மூலைகள் அச்சு வார்த்ததுபோல இருந்தன. நிறம்தான் வேறு.

"யாருக்கும் தெரியாதுங்க, விடுங்க" என்றார் டாக்டரம்மா.

"எங்களுக்குத் தெரிஞ்சிடுச்சே" என்று சொல்லி அந்த மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டில் மனைவி இல்லை, ஜிப் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நடைக்குப் போய் மெஷினின் இழுப்பறையைத் திறந்தார். நூல்கண்டுகள் வரிசையாக இருந்தன. சிலவற்றின் நடு ஓட்டையில் ஒரு துண்டுக் காகிதம் சுருட்டிச் செருகியிருந்தது. கறுப்பு. கருநீலம். காப்பிக்கொட்டை. கரும்பச்சை. அவள் கையெழுத்து. இதை அவர் பல முறை பார்த்திருக்கிறார். என் வீட்டுக்காரி நூலுக்குக்கூடப் பேர் எழுதி வைப்பா என்று நாலு பேரிடம் பெருமையடித்தும் இருக்கிறார். இன்றைக்குத்தான் கவனித்தார், வெள்ளைக்குக் காகிதம் இல்லை. மஞ்சளுக்கு இல்லை, சிவப்புக்கு இல்லை. அடர்ந்த நிறங்களுக்கு மட்டும்தான் இருந்தது. எப்போதோ ஒருநாள் இரண்டு காகிதம் இடம் மாறியிருக்க வேண்டும்.

கண் போய்விட்டதா இவளுக்கு? கறுப்பையும் கருநீலத்தையும் எடுத்து, காகிதங்களை உருவினார். முதுகுக்குப் பின்னால் வைத்து மாற்றி மாற்றிக் கலந்து, டியூப்லைட்டுக்குக் கீழே நீட்டிப் பார்த்தார். இடது கையில் இருப்பது கறுப்பு என்றார் தனக்குத்தானே. கொல்லைக் கதவைத் திறந்து வெயிலில் பார்த்தார். நீலம். சரி, இன்னொரு தடவை. உள்ளே வந்து கலந்தார், மூக்குக்கு நேரே வைத்து உற்றுப் பார்த்தார், வெளியே போனார். மறுபடி தப்பு. மூன்றாவது தடவை சரியாக வந்தது, அதுவும் குருட்டாம்போக்கில்.

வெளியே நின்றால் இரண்டும் பளிச்சென்று வேறு வேறு. உள்ளே போனால் இரண்டும் ஒரே இருட்டு. அவள் கண்ணில் ஒன்றுமில்லை. பதினாலு வருஷமாக, தன்னாலேயே கறுப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் சொல்ல முடியாத ஒரு மூலையில் அவளை உட்கார வைத்திருந்தார். ஜன்னலை அடைத்தது அவர் சட்டங்கள். அட்டைக் கூரைக்குள் கண்ணை வைத்து அவள் தேடியது என்ன என்று இப்போது புரிந்தது. வெட்கமாக இருந்தது சோபாக்காரருக்கு. ஊரார் உட்கார மெத்தென்று செய்து கொடுத்துவிட்டு, கட்டின பெண்டாட்டி உட்காரும் இடத்தைப் பார்க்காமல் விட்டோமே என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார்.

தூண்காரருக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு அறுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். அந்தக் கூம்புக் கூரை போட்டா, உள்ளே நடுவுல வெளிச்சம் எப்படி?"

"ரெண்டு பக்கமும் தாழ்வா வந்துடும்ங்க. முன்னாடி பின்னாடி கதவு வழியா வர்றதுதான். நடுவுல லைட் போட்டுக்கணும்."

"ஒரு பக்கச் சரிவுன்னா?"

"அதான் அன்னிக்கே அம்மா கேட்டாங்களே. கூரைச் சட்டமெல்லாம் இன்னும் மரமாத்தான் கிடக்கு. தூணு தலையை அறுக்காத வரைக்கும் எதுவும் கெட்டுப்போகல. அறுத்துட்டா ஒட்ட முடியாது."

"அப்ப மாத்திடுங்க. உசந்த பக்கம் வெயில் நேரா அடிக்காத பக்கமா இருக்கட்டும். வெயில் பட்டா துணி வெளுத்துடும்."

"பலகை என்ன பண்றது? முக்கோணம்?"

சோபாக்காரர் தார்ப்பாயைப் பார்த்தார். அதற்குள் தங்கக் கால் சோபா இருந்தது, அதற்கும் பின்னால் மச்சானின் முகம் இருந்தது. மச்சான் கோபித்துக்கொண்டால் சாமானியத்தில் இறங்கமாட்டார். ஒருமுறை சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று சொன்னதற்கு ஆறு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. "அதைப் பார்த்துக்கலாம்" என்றார், எப்படி என்று தெரியாமலே.

வியாழக்கிழமை காலை, டீயோடு கொல்லைக்கு வந்த மனைவி நின்றுவிட்டாள். தூண்காரர் நூல் கட்டியிருந்தார். அது ஒரு பக்கம் பதினாலு அடியில் தொடங்கி, மறுபக்கம் ஒன்பது அடிக்குச் சாய்ந்து இறங்கியது.

"நூல் ஏன் சாய்வா இருக்கு?"

"மழைத் தண்ணி ஒரே பக்கமாப் போகட்டும்னு" என்றார் கணவர். வாயில் ஆணி இல்லாவிட்டால் அவருக்குப் பொய் இவ்வளவுதான் வரும்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "பல் டாக்டரம்மா சொல்லிட்டாங்களா?"

அவர் திடுக்கிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"சோபா போன மறுநாளே தெரியும். நீலக் கண்டு பாதிக்கு மேல மிச்சம் இருந்துச்சு, கறுப்பு தீர்ந்துபோய்ப் புதுசு வாங்கினேன். என்னிக்குப் போன் வருமோன்னு மூணு வாரமா எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேன். உங்க பேரைக் கெடுத்துடுவேனோன்னு பயம் வந்துடுச்சு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கண் டாக்டர்கிட்டப் போனேன். கண்ணாடி சரியாத்தான் இருக்கு, நல்ல வெளிச்சத்துல உட்கார்ந்து தைங்கன்னார். சிரிச்சுட்டு வந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எத்தனை வருஷமா அந்த முக்கோணத்தைச் சொல்லிக்கிட்டிருக்கீங்க. தினமும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கறீங்க. எப்படிச் சொல்ல?"

"நேத்து நடையில நின்னு ரெண்டு கண்டையும் கலந்து பார்த்தேன். எனக்கே தெரியல. மூணுல ரெண்டு தப்பு. தப்பு உன்மேல இல்ல, நான் உன்னை உட்கார வெச்ச இடத்துமேல." தார்ப்பாய்ப் பக்கம் கையை வீசினார். "முக்கோணம் என்ன முக்கோணம். அதுக்குள்ள யாரு உட்காரப் போறா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தூண்காரர் மரியாதைக்கு ஏணியின் மறுபக்கம் போய் நின்று, ஏற்கனவே பார்த்த மட்டத்தை மறுபடி பார்த்தார். பிறகு ரம்பம் ஓடியது. பன்னிரண்டு தலைகள் ஒவ்வொன்றாக மண்ணில் விழுந்தன.

ஏழாவது தலை விழும்போது மச்சான் வந்து சேர்ந்தார். பலகைக்கு அளவெடுக்க டேப்பும் கையுமாக வந்தவர், சாய்ந்த நூலைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப என் பலகை விறகுக்குன்னு சொல்லுங்க."

சோபாக்காரர் இல்லாத ஆணியை விழுங்கினார். ஆனால் தங்கை அதற்குள் தார்ப்பாயை விலக்கிவிட்டாள். இடுப்பில் செருகியிருந்த சுண்ணக்கட்டியை எடுத்து, முக்கோணத்தின் உச்சியிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு இழுத்தாள், சிவப்பு சோபாவின் நடுவயிற்றில்.

"இங்க அறுத்தா ரெண்டு அரை முக்கோணம். ஒண்ணைப் புரட்டிப் போட்டு இதோட சாய்வுல சேர்த்தா ஆறடிக்கு நாலடி நீள்சதுரம் வந்துடும். துணி மிச்சமானா அப்படித்தான் ஒட்டுப்போடுவோம். துணின்னா ஒரு பாதியில உள்பக்கம் வெளியே தெரியும். இது பலகைதானே, பெயிண்ட் அடிச்சா ரெண்டு பக்கமும் ஒண்ணு."

மச்சான் தலையைச் சாய்த்து, மனதுக்குள் புரட்டிப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. வந்ததுதான் அவருக்கு எரிச்சல்.

"மறுபடி எழுதணுமே."

"எழுதுண்ணா. உனக்கென்ன, கை தானா எழுதும்." அதைச் சொன்ன பிறகுதான் தாழ்ந்த குரலில், எதற்காகக் கூரை மாறியது என்று சொன்னாள். நூலைச் சொன்னாள், காகிதத்தைச் சொன்னாள், ஒன்றையும் விடவில்லை.

மச்சான் சுண்ணக்கட்டிக் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு தூண்காரரிடம் திரும்பி, "ரம்பத்தை இப்படிக் குடுங்க" என்றார். அறுத்துக்கொண்டே, "ஆனா சைக்கிள் ஸ்டாண்டுதான் மாப்பிள்ளை, அதுல மாத்தமில்ல" என்றார்.

மூன்று வாரத்தில் ஷெட்டு நின்றது. உயர்ந்த பக்கம் முழுக்க, தலைக்கு மேலே வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். வெயில் உள்ளே விழவில்லை, வெளிச்சம் மட்டும் காலையிலிருந்து பொழுது சாயும் வரை ஒரே சீராக இறங்கியது. மெஷின் அதற்கு நேர் கீழே. முதல் நாள் அவள் உட்கார்ந்ததும் செய்தது பல் டாக்டரம்மாவின் மெத்தையைப் பிரித்ததுதான். கருநீல நூலைக் கோத்துப் புதிதாகத் தைத்து, ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் தடவினாள். இரண்டாம் நாள் கணவர் துணியில் போட்டிருந்த வெட்டுக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இது இன்னிக்குத்தான் கோணலா, இல்ல இத்தனை வருஷமும் இப்படித்தானா?" என்று கேட்டாள். சோபாக்காரர் அவசரமாக ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் வெட்டுத்துணிக் குப்பையை அள்ளும்போது அவர் கண்ணில் பட்டன, சுருட்டிய காகிதத் துண்டுகள். கறுப்பு. கருநீலம். காப்பிக்கொட்டை. கரும்பச்சை. குப்பையோடு குப்பையாக மூட்டையில் போட்டுக் கட்டினார். மனசு நிறைந்திருந்தது.

திங்கட்கிழமை ஒருவர் வாசலில் வந்து நின்றார். மேலே ஆறடிக்கு நாலடி பலகையில் புதிதாக எழுதிய பெயரைப் படித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்தார். சைன்போர்டு அண்ணன் போன மாதமே சொல்லி வைத்திருந்தாராம், இங்கே தையலுக்கு ஆள் வேண்டும் என்று. பாவம் மச்சான், கூரை மாறிய கலவரத்தில் அந்த ஆளிடம் இனி வேண்டாம் என்று சொல்ல மறந்திருந்தார்.

சோபாக்காரர் ஒரு நாற்காலியின் முதுகில் துணியை இழுத்துப் பிடித்தபடி நின்றார். வாய் நிறைய ஆணி. என்ன சொல்வது என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் மெஷினை நிறுத்தவில்லை. மூலை வளைந்துகொண்டிருந்தது. வளைத்து முடித்து, ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்திவிட்டுத்தான் தலையைத் தூக்கினாள்.

"தையலுக்கு ஆள் இருக்குங்க" என்றாள். "உங்களுக்கு ஸ்பிரிங் கட்டத் தெரியுமா?"